ஒரு சாண் தூரம்

வட்டம் வரைவதில் அவளை விஞ்ச அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை. ஊன்றிய இடம் தெரியாதபடி ஊசியை மென்மையாக ஊன்றி, மூச்சை அடக்கி, மணிக்கட்டை ஒரே சுழலாகச் சுழற்றினாள் என்றால், தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் பிரிந்தவர் கூடுவதுபோல் ஓசையின்றிக் கூடிவிடும். உடன் வேலை பார்ப்பவர்கள் அவளுக்குக் கவராயம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் அப்பெயர் அவளோடு ஒட்டிப் போயிற்று. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் சிறிது பெருமையாகவே இருந்தது.

அந்தப் பெருமையே தனக்குப் பகையாகும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

நகரின் விளிம்பில், பேருந்துகள் திரும்பிச் செல்லும் இடத்துக்கும் அப்பால், தொண்ணூறு ஏக்கர் நிலத்தில் புதுக் குடியிருப்பு ஒன்று எழவிருந்தது. கீழே கடை, மேலே வீடு; நடுவே சதுக்கம்; பக்கத்தில் பள்ளி, மருந்தகம், பூங்கா. வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் என்று விளம்பரத் தாளில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கட்டுமான நிறுவனத்துக்காக இந்த அலுவலகம் வரைபடம் வரைந்தது. நகர மன்றம் அதற்கு முத்திரை இட வேண்டும்.

மன்றத்தின் விதிகளில் ஒன்று, எந்த வீட்டிலிருந்தும் ஐந்து நிமிட நடையில் கடைத்தெரு இருக்க வேண்டும் என்பது. நல்லோர் எவரோ நல்லெண்ணத்தோடு எழுதிய விதி. அதை நிறைவேற்ற அலுவலகம் கைக்கொண்ட வழி எளியது. சதுக்கத்தின் நடுவில் கவராயத்தை ஊன்றி, நானூறு மீட்டருக்கு ஈடாகத் தாளில் நாற்பது சென்டிமீட்டர் விரித்து, ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் விழுந்த வீடெல்லாம் விதிக்குள் விழுந்த வீடு. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வட்டங்களைப் போட்டவள் அவள்தான்.

அந்நிலத்தில் முன்பு குடிசை போட்டிருந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வடக்கு ஓரத்தில் ஒரு வரிசை ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் நாற்பத்தோராம் வீடு அவளுடைய அக்காவினுடையது. அக்கா தையற்காரி. குடிசையை இடித்த நாள்முதல், அச்சகம் ஒன்றின் பின்புறத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். புதுக் கடைத்தெருவில் ஒன்பதாம் எண் கடையும் அவளுக்கென்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். கடைக்கு மேலிருந்த வீடு மட்டும் விற்பனைக்குரியது. அது அவளுக்கு இல்லை.

ஞாயிறு முற்பகல் வரைபடத்தின் நகல் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தங்கை அந்த அறைக்குப் போனாள். அக்கா தையல் எந்திரத்தின்முன் அமர்ந்து ஒரு காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். சிறு வயதில் வந்த காய்ச்சல் இடக்காலை மெலிவித்துவிட்டிருந்தது; எந்திரத்தையும் வாழ்க்கையையும் வலக்கால் ஒன்றாலேயே ஓட்டினாள்.

"வாடி. உங்க ஆபீஸ் தாளா? வெட்டு மேசையில விரி. கத்தரி மேல வெச்சுக் கிழிச்சுடாத."

தங்கை விரித்தாள். நாற்பத்தொன்றையும் ஒன்பதையும் சுட்டிக் காட்டினாள். "இது உன் வீடு. இது உன் கடை. பாரு, ஒரு சாண்தான். இந்தத் தாள்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில பத்து மீட்டர். வீட்டுல உலை வெச்சுட்டுக் கடைக்கு வந்து ஒரு பட்டன் தெச்சுட்டுத் திரும்பிடலாம்."

அக்கா ஆட்காட்டி விரலை நாற்பத்தோராம் வீட்டின் வாசலில் வைத்தாள். நடுவிரலையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு விரலால் தாள்மீது நடந்தாள். வாசலை விட்டு இறங்கி, சந்து வழியாகப் போய், தெற்கே திரும்பினாள். தடித்த கோடு ஒன்றின்முன் விரல்கள் நின்றன.

"இது என்னது?"

"சுவர்க்கா."

"சுவர்னு தெரியுது. எங்க தொறக்கும்?"

தங்கை குனிந்தாள். வாயிலைக் குறிக்க வரைவாளர்களிடையே ஒரு மரபு உண்டு: சுவர்க்கோட்டில் சிறிய இடைவெளி, கதவுக்கு ஒரு கோடு, கதவு திறந்து மூடும் வழிக்குக் கால்வட்டம். மூன்றாவது வரைவில் அவ்விடத்தில் ஒரு வாயில் இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது இல்லை. ஏழாவது வரைவுக்கு வந்த திருத்தப் பட்டியல் மனத்தில் எழுந்தது. முப்பத்திரண்டு திருத்தங்கள். இருபத்தாறாவது: வடக்குச் சுவர், இடைவெளி நீக்குக.

நீக்கியவள் அவள்தான். பிளேடால் பழைய மையைச் சுரண்டி, தூசியை ஊதிவிட்டு, கோட்டை இழுத்துச் சேர்த்து, பட்டியலில் சரி என்று குறியிட்டாள். அடுத்த நொடி இருபத்தேழாவது திருத்தத்துக்குப் போய்விட்டாள். அது மரம் ஒன்றை இரண்டு மீட்டர் தள்ளி நடுவது.

"வாசல் எங்கடி?" என்றாள் அக்கா மறுபடியும்.

"பெரிய வாசல் தெற்கே, நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கு."

"அப்ப நான் இந்தச் சுவரைச் சுத்தி, ரோட்டுக்குப் போயி, அங்க ஒரு சுத்து சுத்தி உள்ள வரணும். இதுதான் உங்க ஆபீஸ்ல ஒரு சாணா?"

"வட்டத்துக்குள்ளதான்க்கா இருக்கு."

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவித் தங்கையின் முதுகுப்பக்கம் ஒரு நுனியையும் மார்புப்பக்கம் மறுநுனியையும் காற்றில் பிடித்தாள். "இப்படி ஒரு பக்கத்திலேருந்து மறுபக்கத்துக்கு நேரா அளந்து உனக்குச் சட்டை தெச்சேன்னு வெய்யி. போட முடியுமா? உடம்பைச் சுத்தி அளக்கணும்டி. உங்களுக்கு யாரு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தது, காக்காயா?" சிறிது நிறுத்தி, "சரி, பரவாயில்ல. றெக்கை ரெண்டு தெச்சு மாட்டிக்கிறேன். எனக்குத் தெரியாத தையலா" என்றாள்.

அவள் சிரித்தாள். தங்கையால் சிரிக்க முடியவில்லை. முகம் சுட்டது.

மாலையில் இருவரும் நிலத்துக்கே போனார்கள். தெருக்களுக்கு முளையடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சுவர் வரும் இடத்தில் கயிறு முழங்கால் உயரத்தில் இழுபட்டிருந்தது.

"தாண்டிடலாமா?" என்றாள் அக்கா. "யாரும் பாக்கல."

"வேணாம்க்கா. சுவர் இருக்கிற மாதிரியே நட."

"இல்லாத சுவருக்கு என்ன மரியாதைடி உனக்கு."

நடந்தார்கள். கயிற்றின் ஓரமாகக் கிழக்கே போய், அதன் மூலையில் தெற்கே திரும்பி, நெடுஞ்சாலையில் இறங்கி, லாரிகள் வாரி இறைத்த புழுதியில் மேற்கே திரும்பி, பெருவாயில் வரும் இடத்தில் நுழைந்து, மீண்டும் வடக்கே வந்தார்கள். அக்கா நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். முதல் முறை வேடிக்கை பேசினாள். இரண்டாம் முறை செருப்பைச் சரிசெய்வதாகச் சொன்னாள். பிறகு இடக்காலைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஒன்பதாம் எண் முளையை அடைந்தபோது நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. அங்கிருந்து பார்த்தால், கயிற்றுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், நாற்பத்தோராம் எண் முளை தெரிந்தது.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். "துணி காயறதுகூடத் தெரியும் போலிருக்கே இங்கேருந்து. மழை வந்தா பாத்துக்கிட்டே நிக்கலாம்."

அந்தச் சொல்லில்தான் தங்கையின் சினம் தீப்பற்றியது. வறியவர்க்கு வீடு தந்தோம் என்று தாள் சொல்லும். கடையும் தந்தோம் என்று சொல்லும். இரண்டுக்கும் இடையில் வழியைத் தரவில்லை என்று எந்தத் தாளும் சொல்லாது. பசித்தவன்முன் இலையை விரித்து, கையைப் பின்னால் கட்டிவிட்டு, பரிமாறியாயிற்று என்று பதிவு செய்யும் அறம் இது. அந்தக் கட்டினை இறுக்கிய கை வேறு எவருடையதும் அன்று. வட்டம் போடுவதில் பெயர் பெற்ற அவளுடைய வலக்கை.

மறுநாள் காலை அலுவலகக் கதவு திறந்ததும் தலைமை வடிவமைப்பாளரின் அறைக்குப் போனாள். அவர் குடியிருப்பின் அட்டை மாதிரியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சில் செய்த சிறு மரம் ஒன்று சாய்ந்திருந்ததை விரலால் நிமிர்த்தினார். வடக்கு வரிசை அந்த மாதிரியில் வெறும் சாம்பல் நிறக் கட்டைகளாக நின்றது. மற்ற வீடுகளுக்கு ஜன்னல் வரைந்திருந்தார்கள்.

"சார், வடக்குச் சுவர்ல இருந்த வாசலை ஏன் எடுக்கச் சொன்னாங்க?"

"எந்த வாசல்?"

"இருபத்தாறாவது திருத்தம்."

அவர் நிமிர்ந்தார். "ஏம்மா, முப்பத்திரண்டு திருத்தம் வந்தா ஒவ்வொண்ணுக்கும் வரலாறு கேப்பியா? நிறுவனத்து மேலாளர் கேட்டார். பெரிய வீடு வாங்கறவங்க, பின்பக்கத்து ஆளுங்க தங்களோட பூங்காவுக்குள்ள நடமாடறதை விரும்பலயாம். காவல் வசதின்னு எழுதியிருக்கோம்."

"அந்த ஆளுங்க கடைக்கு வர ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும் சார். நேத்து நடந்து பாத்தேன். நாப்பத்தேழு நிமிஷம்."

"வரைபடத்தை யாராவது நடந்து பாப்பாங்களா?" அவர் மெய்யாகவே வியந்தார். "வட்டத்துக்குள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"முடிஞ்சது. விதி அவ்வளவுதான் கேக்குது."

"விதி நடையைக் கேக்குது சார். வட்டத்தை நாமதான் கேக்கறோம்."

அவர் சாய்ந்த மரத்தை இன்னொரு முறை நிமிர்த்தினார். பேசியபோது குரலில் கடுமை இல்லை. கடுமை இல்லாததே அவளுக்குப் பொறுக்கவில்லை. "பாரு, வியாழக்கிழமை கூட்டம். நீ வரைபடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், பக்கம் திருப்பணும், அவ்வளவுதான். முத்திரை விழுந்த தாள்ல இல்லாத வாசலை அப்புறம் எந்தச் சாமியாலயும் திறக்க முடியாது. அதனால வீணா மனசைக் கெடுத்துக்காத. தேநீர் குடிச்சியா?"

அவள் தேநீர் குடிக்கவில்லை.

வியாழனன்று நகர மன்றத்தின் கூட்ட அறை நிறைந்திருந்தது. முன்வரிசையில் நிறுவனத்து மேலாளர், மடிப்புக் கலையாத சட்டையோடு அமர்ந்திருந்தார். வடக்கு வரிசைக்காரர்கள் பின்சுவரோரம் நின்றார்கள். அக்காவுக்கு மட்டும் எவரோ நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார்கள். மேடையில் மன்றத் தலைவி, மூக்குக் கண்ணாடியை நுனிமூக்கில் நிறுத்தி, அன்றைய ஐந்தாவது கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் களைப்புத் தெரிந்தது. அவருக்கு முன்னிருந்த நீண்ட மேசையில் கையால் மை தீட்டிய மூலத் தாள் விரிந்திருந்தது. அந்தத் தாளில்தான் முத்திரை விழும். நான்கு மூலையிலும் கனம் வைத்துவிட்டுத் தங்கை ஓரமாக நின்றாள்.

தலைமை வடிவமைப்பாளர் அழகாகப் பேசினார். கலப்புக் குடியிருப்பின் மேன்மையை எடுத்துரைத்தார். ஏழையும் செல்வரும் ஒரே சதுக்கத்தில் சந்திப்பார்கள் என்றார்.

"எல்லா வீடும் ஐந்து நிமிஷ நடைக்குள்ள இருக்கா?" என்று தலைவி கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"எல்லா வீடும், மேடம். வட்டம் போட்டிருக்கோம்."

"பொதுமக்கள்ல யாராவது?"

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். "நான் நாப்பத்தொண்ணாம் வீடு. ஒன்பதாம் கடை. எப்படிப் போறதுன்னு அந்தப் படத்துல கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

"வட்டத்துக்குள்ளதாம்மா இருக்கு" என்றார் வடிவமைப்பாளர், கனிவோடு.

"வட்டத்துல நான் குடியிருக்கப் போறதில்லீங்க."

பின்சுவரோரம் சிரிப்பெழுந்தது. தலைவி இப்போதுதான் தலை தூக்கினார். "காட்டுங்களேன்" என்றார்.

வடிவமைப்பாளர் தங்கையைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பு என்றது பார்வை. திருப்பினால் அடுத்தது வடிகால் வரைபடம், பேச்சு அத்தோடு திசைமாறிவிடும், முத்திரை விழும். அவள் கை தாளின் மூலைக்குப் போயிற்று. கனத்தை எடுக்காமல் அங்கேயே நின்றது.

"அக்கா," என்றாள், "நூல் இருக்கா?"

வடிவமைப்பாளரின் புருவம் ஏறியது. அக்கா கைப்பையைத் திறந்து சிவப்பு நூற்கண்டு ஒன்றை எடுத்து நீட்ட, அது கைமாறிக் கைமாறி மேசைக்கு வந்தது. தங்கை நூலின் நுனியை நாற்பத்தோராம் வீட்டின் வாசலில் குண்டூசியால் குத்தினாள். பிறகு சந்து வழியாக, சுவரின் ஓரமாக, திருப்பத்துக்கு ஒரு குண்டூசியாக, நெடுஞ்சாலையில் இறங்கி, பெருவாயிலில் நுழைந்து, பூங்காவைச் சுற்றி, ஒன்பதாம் கடைவரை நூலை விட்டாள். கடைவாசலில் நூலை அறுத்து, ஊசிகளைப் பிடுங்கி, இரு நுனியையும் பற்றி உயர்த்தினாள்.

"மேடம், வட்டத்தில் இது ஒரு சாண். நடந்தால் இவ்வளவு."

அக்காவிடம் போனாள். உச்சந்தலையில் ஒரு நுனியைப் பிடித்து நூலைத் தொங்கவிட்டாள். அது முகத்தைக் கடந்து, தோளையும் இடுப்பையும் கடந்து, மெலிந்த காலின் ஓரமாக இறங்கித் தரையைத் தொட்டு, மிச்சமும் சிறிது சுருண்டு கிடந்தது.

"எண்சாண் உடம்பையும் தாண்டிப் போகுதே" என்று சுவரோரம் ஒருவர் முணுமுணுத்தார்.

"மூணாவது வரைவுல இங்க ஒரு வாசல் இருந்தது" என்றாள் தங்கை. "ஏழாவதுல சுரண்டி எடுத்தது நான்தான்."

மேலாளர் எழுந்தார். "பாதுகாப்புக்காகத்தான் மேடம். வீடு வாங்கறவங்க கேக்கறாங்க."

"இவங்க வீடு வாங்கறவங்க இல்லையா?" என்றார் தலைவி.

"இவங்க... ஒதுக்கீடு மேடம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அருளாளர் அல்லர். ஐந்து கோப்பைப் பார்த்துக் களைத்தவர். ஆனால் தம் பெயர் எதன்கீழ் விழப்போகிறது என்பதில் கூச்சம் உள்ளவர். "ஐந்து நிமிஷம்னு எழுதின தாள்ல என் கையெழுத்தைக் கேக்கறீங்க. நாளைக்கு இந்த அம்மா அந்த நூலைக் கொண்டுவந்து என் மேசையில வெச்சா நான் என்ன சொல்லணும்? முதல்ல இருந்த இடத்துல வாசலைப் போடுங்க. இப்பவே, இங்கேயே. போட்டா கையெழுத்து. இல்லேன்னா மூணு மாசம் கழிச்சு அடுத்த கூட்டம்."

மேலாளர் வடிவமைப்பாளரின் காதோரம் சாய்ந்தார். தாழ்ந்த குரல்தான், ஆனால் மேசையருகே நின்றவளுக்குக் கேட்டது. "போடச் சொல்லுங்க. கதவு நம்மது, பூட்டும் நம்மது. காலையில ஒரு மணி நேரம் திறந்தா போதும்."

"வாசல் போட்டுடும்மா" என்றார் வடிவமைப்பாளர் உரக்க.

தங்கை பெட்டியைத் திறந்தாள். பிளேடை எடுத்துத் தடித்த கோட்டைச் சுரண்டினாள். தாளில் மூன்று மில்லிமீட்டர், தரையில் மூன்று மீட்டர். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்காமல் போகலாம். தூசியை ஊதினாள். பேனாவால் இரு முனையையும் சிறு கோடிட்டு முடித்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

வடிவமைப்பாளர் குனிந்து பார்த்தார். "கதவு?"

"வாசல் போட்டாச்சு சார்."

"கதவுக்கோடு இல்ல. கால்வட்டம் இல்ல."

"மன்றம் வாசல்தான் சார் கேட்டாங்க."

"அப்படி விட்டா வெறும் சந்தும்மா அது. கதவைப் போடு." அவரே கவராயத்தை எடுத்து அவள்முன் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. வட்டத்தில் பேர்போன கை, கால்வட்டம் ஒன்றுக்கு அசையாமல் மேசைமீது கிடந்தது.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். இடைவெளியைப் பார்த்தார். பின்பு முன்வரிசையைப் பார்த்தார். "கதவு வேணுமா உங்களுக்கு?" என்று மேலாளரைக் கேட்டார். "எதுக்குன்னு சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறேன்."

காதோரம் சொன்னதை அவை நடுவே சொல்ல மேலாளருக்கு வாய் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டையின் கைமடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

முத்திரை விழுந்தது.

வெளியே படிக்கட்டில் வடிவமைப்பாளர் அவளைக் கடந்து போனார். நிற்கவில்லை, திரும்பாமலே சொன்னார். "திங்கக்கிழமை வந்து உன் பொருளை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடு. கவராயம் ஆபீஸோடது, அதை விட்டுட்டுப் போ."

அக்கா ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். கேட்டும் கேளாதவள்போல் கடைசிப் படிவரை வந்தாள். "என் கடைக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள் பிறகு. "பட்டனுக்குக் காஜா எடுக்க. சம்பளம் சுமார்தான்."

"எனக்குக் காஜா எடுக்கத் தெரியாதே."

"அவ்வளவு பெரிய சுவர்ல எடுத்தவளுக்குத் துணியில எடுக்கத் தெரியாதா?"

தங்கைக்கு இப்போது சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போயிற்று. பத்தொன்பது ஆண்டுகள். எத்தனை குடியிருப்பு, எத்தனை சதுக்கம், ஊசி ஊன்றிய இடம்கூடத் தெரியாத எத்தனை வட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தெந்த இடத்தில் சுவர் நின்றது, எவரெவர் அதைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவள் ஒருமுறையேனும் பார்த்ததில்லை. தீயவர் ஒருவர் செய்திருந்தால் அவர்மேல் சினந்து ஓய்ந்துவிடலாம். இதை நேர்த்தியாகச் செய்தவள் அவளே.

அக்கா சிவப்பு நூலை விரலில் சுற்றி, கண்டோடு சேர்க்கப் போனாள்.

"அதைக் குடு" என்றாள் தங்கை. "எனக்கு வேணும். இன்னும் பல இடத்துல அளக்க வேண்டியிருக்கு."